எண்ணாலும் எழுத்தாலும்

கல்லிடைக்குறிச்சி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
பத்திரம் எழுதுகிற சாலாச்சி
லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள்,
பாம்பு கிடக்கிற பையைப் போல
உடம்பில் படாமல், கையை நீட்டி.

"எந்த ஃபோல்டரத் தொட்டாலும்
இன்னொரு வாசலுக்குப் போவுது தம்பி.
அங்க போனா அதுவும் வாசலாத்தான் கெடக்கு."

திறந்து பார்த்தேன்.
ஒவ்வொரு மஞ்சள் உறையின் மூலையிலும்
வளைந்த அம்பு.
ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்த பென்டிரைவ்,
வேறென்ன.

அம்பாசமுத்திரத்திலிருந்து சேகனா போனில் சொன்னான்:
"கிராக்கப் போட்டு விடுடே, கால் மணி நேரம்.
ஊர்ல எவன் காசு குடுத்து வாங்கியிருக்கான்?"
அவளுக்குக் கேட்டுவிட்டது.
"நான் குடுத்திருக்கேன். ரசீது இருக்கு.
போலிப் பத்திரம் எழுத மாட்டேன்னு
ரெண்டு புரோக்கர்ட்ட சண்டை.
போலி மேல உக்காந்து எழுதவா?"

லேப்டாப்பைக் கவிழ்த்தேன்.
அடிவயிற்றில் ஒட்டிய சீட்டு
சூட்டில் வெந்து வெளுத்திருந்தது.
ஐந்தைந்தாக இருபத்தைந்து எழுத்து.
மூன்றாம் கட்டத்தில் ஒன்று சரியாக இல்லை.

முதலில் எடுக்கவேண்டியதை எடுத்தோம்.
கிரயம், குத்தகை, பாகப்பிரிவினை
ஒவ்வொன்றாக வேறு டிஸ்க்கில் ஏறின.
வடக்கே பிரமநாயகம் வகையறா நஞ்சை
தெற்கே கன்னடியன் கால்வாய்
கிழக்கே வண்டிப்பாதை
மேற்கே
என்று எழுதி நின்றுபோன ஒன்றும் ஏறியது.

திரையின் முகப்பில் தனியே ஒரு கோப்பு கிடந்தது.
விடுதலைப் பத்திரம்.
எழுதிக் கொடுப்பவர் பெயர் அவளுடையது.
தெற்குத் தெரு வீட்டில் தன் பாகத்தை
அண்ணனுக்கு, முழு மனதுடன்
என்பதுவரை அடித்து
தேதி போடாமல்.

"இதையும் ஏத்தட்டுமா அக்கா?"

கண்ணாடியைக் கழற்றித் தலைப்பில் துடைத்தாள்.
துடைத்த பிறகும் துடைத்தாள்.
"அத விட்டுரு. அதுலதான் வைரஸ்."

இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன்.
இப்போதுதான் சோதித்திருந்தேன், சுத்தமான கோப்பு.
சொல்லவில்லை.

எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா
என்று திரை கேட்டது.
என் கை போவதற்குள்
அவளே தட்டினாள்.

அறுபத்துமூன்று சதவீதத்தில் கரண்டு போனது.
இன்வெர்ட்டர் ஒருமுறை முனகிப் பிடித்துக்கொண்டது.
டீ வந்தது. ஆறியது.

பிறகு சாவி.
அவள் வாசிக்க, நான் அடிக்க.
மூன்றாம் கட்டத்தில் எட்டா, பி-யா?
எட்டு என்றேன், ஏற்கவில்லை.
பி என்றேன், அதுவும் இல்லை.
லேப்டாப்பை ஒயரோடு தூக்கி
வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்,
சுரண்டித் திருத்திய சர்வே நம்பரைப் பார்க்கிற கண்ணால்.
"ரெண்டும் இல்ல. மூணு.
வாய அழுக்கு அடச்சிருக்கு."
நகத்தால் சுரண்டினாள்.

ஏற்றுக்கொண்டது.

"பாத்தியா, ஒரு ஏ இல்ல, ஒரு ஓ இல்ல.
இருவத்தஞ்சுல உயிரெழுத்தே கெடையாது."
"எல்லாம் மெய்தான்" என்றேன்.
சிரித்த மாதிரி இருந்தது.

அப்போது அவள் போன் அடித்தது.
"ஆமாண்ணே. எல்லாம் போயிட்டு.
பூராவும்.
இனிமே மொதல்ல இருந்து எழுதணும்.
எழுதுவனா? பாப்போம்."

வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்,
வேலைக் குரலில்:
"வில்லங்கம் ஏதும் உண்டா?"
"இன்னைக்குத் தேதி வரைக்கும் இல்லக்கா."

நீள நோட்டில் சாவியை எழுதிக்கொண்டாள்,
பத்திரத்தில் தொகை எழுதுவதைப் போல
எண்ணாலும் எழுத்தாலும்.
அந்த இடம் வந்ததும்
3 என்று போட்டு, பக்கத்தில்
மூன்று என்று
தாளின் மறுபுறம் தெரிய அழுத்தினாள்.

அறுநூறு ரூபாய் தந்தாள்.
ரசீது கேட்டாள்.

என்னிடம் ரசீதுப் புத்தகம் இல்லை.